ரிலீஸ் என்றார்கள்

நேற்றுப் பின்னேரம் மருமகள் போன் எடுத்தாள். கதிரவெளியில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறாள். எத்தனையோ வருடம் அலைந்து திரிந்து ஊருக்குப் பக்கத்தில் இடமாற்றம் வாங்கிவிட்டாள். கடிதமும் கைக்கு வந்துவிட்டது. ஆனால், பதிலுக்கு ஆள் வந்தால்தான் விடுவேன் என்று அதிபர் ஒற்றைக் காலில் நிற்கிறாராம். "என்னை ரிலீஸ் பண்ணுறாரில்ல மாமா" என்று சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து, ஒலிபெருக்கி கட்டிய ஓட்டோ ஒன்று ஒழுங்கைக்குள் வந்தது. மழை விடாமல் கொட்டுவதால் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து நீரை விடுவிக்கப் போகிறார்களாம். தாழ்நிலத்தில் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டுமாம். ஓட்டோ போன பிறகும் மருமகள் பேசிக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை. யன்னலுக்கு வெளியே வாவிப் பக்கமிருந்து ஆற்றுவாழை அழுகும் மணமும் புதுச் சேற்று மணமும் வந்தன. அந்த மணம் வந்துவிட்டால் நான் யாருக்கும் ஆறுதல் சொல்லத் தகுதியான ஆள் இல்லை.

ரிலீஸ் என்ற அந்த ஒரு சொல்லோடு எனக்கு நீண்ட நாள் கொடுக்கல் வாங்கல் உண்டு. சொல்கிறேன், கேளுங்கள். உங்களுக்கும் மழையில் வேறு வேலை இருக்காது.

நான் முதன்முதலில் வேலைக்குப் போனது ஒரு நீர்ப்பாசனக் கந்தோருக்கு. தட்டெழுத்தாளன் என்று பெயர். தேத்தண்ணி வாங்குவது தவிர மற்ற எல்லா வேலையும் என் தலையில். சில நாள் அதுவும்தான். ஆங்கிலத்தில் நல்ல புள்ளி எடுத்திருந்தேன் என்ற திமிர் அப்போது என்னிடம் நிறைய இருந்தது. முதல் நாளே எஞ்சினியர் ஐயா ஒரு துண்டைத் தந்து தமிழில் அறிவித்தல் அடிக்கச் சொன்னார். தண்ணீர் ரிலீஸ் பற்றிய அறிவித்தல். 'நீர் விடுதலை' என்று அடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாசித்துவிட்டு, குளத்துத் தண்ணீர் என்ன குற்றம் செய்து எவ்வளவு காலம் உள்ளே இருந்தது என்று கேட்டார். கந்தோரே சிரித்தது. அன்று நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

பிறகு அவர் இருத்திவைத்து விளங்கப்படுத்தினார். கதவைத் திறப்பது ரிலீஸ் அல்ல. எவ்வளவு, யாருக்கு, எந்த நேரம், எப்போது திரும்ப மூடுவது என்பதெல்லாம் தெரிந்துகொண்டு திறப்பதுதான் ரிலீஸ். தெரியாமல் திறந்தால் அதற்கு வெள்ளம் என்று பெயர். எனக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு சொல்லுக்குள் இவ்வளவு ஒழுங்கு இருக்கிறதே என்று அந்தச் சொல்லை மெச்சிக்கொண்டு திரிந்தேன்.

ஆனால் கந்தோர் வாசலைத் தாண்டினால் சொல் மாறிவிடும். பட்டணத்துப் படமாளிகைச் சுவரில் 'விரைவில் ரிலீஸ்' என்று ஒட்டியிருப்பார்கள். விரைவு என்பது அடுத்த தைப்பொங்கலாகவும் இருக்கலாம். படம் வந்து சேரும்போது பெட்டிக்குள் பாதிச் சுருள்தான் இருக்கும். மீன்பிடிக் கந்தோர்க்காரர் வாவியில் மீன்குஞ்சு ரிலீஸ் செய்வார்கள். பெரிய மனிதர் ஒருவர் வெள்ளைச் சட்டையோடு முழங்கால் தண்ணீரில் நின்று பொலித்தீன் பையைக் கவிழ்ப்பார், படம் பிடிப்பார்கள், கம்புகளில் நீர்க்காகங்கள் வரிசையாக இருந்து பார்த்துக்கொண்டிருக்கும். பெரிய மனிதர் கரையேறியதும் அவை இறங்கும். இதையெல்லாம் நான் கந்தோரில் பகிடியாகச் சொல்லிச் சிரிக்க வைப்பேன்.

அந்தப் பகிடியை ரசித்துக் கேட்ட ஒருவன் யோகன். வாவிக்கு அக்கரையான படுவான்கரையில் ஒரு வட்டைக்கு விதானையாக இருந்த சீனித்தம்பியின் மகன். வட்டை என்றால் வயற்பரப்பு. அதற்குத் தண்ணீர் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கிறவர் வட்டை விதானை. நான் அறிவித்தல்களைக் கொண்டு வாவியைக் கடந்து போகும்போதெல்லாம் அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. கடப்பதற்கு அப்போது பாலம் இல்லை. 'பாதை' என்று நாங்கள் சொல்லும் மிதவையில் சைக்கிளோடு ஏறி நிற்க வேண்டும். விதானையாரின் மனைவி பூமணி மாமி, நான் துறையில் இறங்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்து உலை வைப்பா. கோராக்கிளிமீன் குழம்பும் அந்த வயல் அரிசிச் சோறும் தின்ற பிறகு எனக்கு அரசாங்க வேலை ஒன்றும் ஞாபகம் இருக்காது.

யோகன் ஓட்டமாவடியில் ஒரு முஸ்லிம் நானாவின் கராஜில் ட்ரக்டர் திருத்தினான். உடம்பு முழுக்க எண்ணெய்க் கறை. பல் மட்டும் வெள்ளை. என்னுடைய ரிலீஸ் கதைகளைக் கேட்டுவிட்டு ஒருநாள் தன்னுடையதைச் சொன்னான்.

"எங்கட கராஜிலயும் ஒரு ரிலீஸ் இரிக்கி அண்ணன். கிளச்சுக்குள்ள ரிலீஸ் பேரிங். ஆருக்கும் கண்ணுக்குத் தெரியாது. அது போச்செண்டா எஞ்சின் இரையும், வண்டி ஒரு கியரும் எடுக்காது. நிண்ட இடத்தில நிண்டு இரையும்."

அவன் சொன்னதை அன்று ஒரு பகிடியாகத்தான் என் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

விதானையார் அதிகம் பேசாத மனிதர். போகம் தொடங்குமுன் கந்தோரில் கூட்டம் நடக்கும். பெரிய வயற்சொந்தக்காரரான போடிமார், கமக்காரர், எல்லாரும் எழும்பிச் சத்தம் போடுவார்கள். விதானையார் கடைசியில் எழும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்பார். எப்போது திறப்பீர்கள் என்று அல்ல, எப்போது வந்து சேரும் என்று. அவருடைய வட்டை வாய்க்காலின் கடைசியில் இருந்தது. குளத்தில் திறந்த தண்ணீர் மணலுக்குள் இறங்கும், பள்ளங்களை நிரப்பும், மேலே உள்ளவர்களின் வயலில் தங்கும், பிறகுதான் அவரிடம் வரும். அதனால் அவருக்கு அவசரமும் இல்லை, கோபமும் இல்லை. திறந்த தண்ணீர் எப்படியும் வரும் என்று அவருக்குத் தெரியும். வராமல் போனதை அவர் தன் ஆயுளில் கண்டதில்லை.

யுத்த காலம். யோகனை வேலைக்குப் போகும் பஸ்ஸிலிருந்து ஒரு இராணுவச் சோதனைச் சாவடியில் இறக்கினார்கள். விசாரித்துவிட்டு விடுவோம் என்றார்கள். பிறகு தூர இடத்து முகாம் ஒன்றில் இருக்கிறான் என்று தகவல் வந்தது. மாமியும் விதானையாரும் பஸ் மாறிப் பஸ் மாறிப் போய் ஒரே ஒரு தரம் பார்த்துவிட்டு வந்தார்கள். மெலிந்திருக்கிறான் என்றா மாமி. கையில் எண்ணெய்க் கறை இல்லை என்றும் சொன்னா. அதைத்தான் அவவால் தாங்க முடியவில்லை. மகனின் கை அவ்வளவு வெள்ளை என்று அவவுக்கு அதுவரை தெரியாது.

அடுத்த தரம் போனபோது வாசலில் வைத்தே சொல்லிவிட்டார்கள்: ரிலீஸ்.

அந்தச் சொல்லோடு இருவரும் திரும்பி வந்தார்கள். நான் செய்தி கேட்டுப் பாய்ந்து போனேன். விட்டிருந்தால் ஆள் எங்கே? யாரிடம் ஒப்படைத்தார்கள்? எந்த பஸ்ஸில் ஏற்றினார்கள்? அந்த நாட்களில் இப்படி ரிலீஸ் என்று சொல்லப்பட்ட பலர் வீடு வந்து சேர்ந்ததில்லை என்று பட்டணத்தில் இருந்த எங்களுக்குத் தெரியும். விதானையார் கலங்கவில்லை. முற்றத்தில் இருந்து மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார்.

"திறந்திட்டாங்க தானே" என்றார். "இனி வந்து சேரத்தான் நாள் செல்லும். வழியில எங்கயும் மறிபட்டுக் கிடப்பான். வருவான்."

கந்தோரில் எஞ்சினியர் ஐயா எனக்குக் கற்பித்த அதே ரிலீஸைத்தான் அவரும் வாழ்நாள் முழுக்கக் கற்றிருந்தார். அளந்து, அறிவித்து, ஆள் வைத்துத் திறக்கிற ரிலீஸ். வேறு ஒன்று உண்டென்று அவருக்குத் தெரியாது. அதனால் அவர் முறையிடவில்லை, ஓடித்திரியவில்லை, காத்திருந்தார். மாமி சாப்பாட்டு நேரம் ஒரு கோப்பையை அதிகமாக எடுத்து வைத்தா. போகம் முழுக்கக் காத்திருந்தார்கள். கதிர் முற்றியது. வெட்டினார்கள்.

இங்கே நான் களவெட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்களில் இளம் ஆட்கள் கண்டிருக்க மாட்டீர்கள். சூடு என்கிற கதிர்க்குவியலை மிதித்து நெல்லைப் பிரிக்கிற வட்டமான களம்தான் களவெட்டி. அதற்குள் செருப்போடு போகக்கூடாது. பெண்கள் உள்ளே வருவதில்லை. சாப்பாட்டையும் தேத்தண்ணியையும் வரம்பில் வைத்துவிட்டு நிற்பார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய கட்டுப்பாடு வாய்க்குத்தான். வெளியில் பேசுகிற பேச்சை உள்ளே பேச முடியாது. நெல்லை நெல் என்று சொல்வதில்லை, பொலி என்பார்கள். முடிந்தது, குறைந்தது, வரவில்லை, இல்லை: இவை வாயில் வரவே கூடாது. வந்தால் பூதம் கேட்டுக்கொண்டிருந்து குவியலை அள்ளிக்கொண்டு போய்விடும் என்பது நம்பிக்கை. இன்னும் கதிர் இருக்கிறதா என்று வெளியே நின்று யாராவது கேட்டால், ஒரு கட்டும் மிச்சமில்லாவிட்டாலும், உள்ளே நிற்கிறவர் "ஓம், பொலி" என்றுதான் சொல்ல வேண்டும். நானே ஒருநாள் நேரம் கேட்டு, "ஓம், பொலி" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன்.

அந்தப் போகத்துச் சூடு மிதித்துக் குவியல் சேர்க்கிற நாளில், காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்கவென்று ஒரு குழு பெயர்ப் பட்டியலோடு ஜீப்பில் வந்தது. நான் அன்று அங்கே இல்லை. மாமி சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டில் ஆள் இல்லாததால் நேரே வயலுக்கு வந்திருக்கிறார்கள். மொழிபெயர்க்க வந்தவர் வேறு ஊர் ஆள், நல்ல மனிதர்தானாம். மழை இருட்டிக்கொண்டு வந்தது. பாதை நிற்குமுன் அவர்கள் வாவியைக் கடக்கவும் வேண்டும். களவெட்டியின் ஓரத்தில் நின்று, உள்ளே நடுவில் நின்ற விதானையாரைப் பார்த்துச் சத்தமாகக் கேட்டிருக்கிறார்.

"ஐயா, உங்கட மகன் யோகன் ரிலீஸாகி வந்திட்டாரா?"

குவியல் பக்கத்தில் விதானையார் வெறுங்காலோடு நின்றார். தலைப்பாகையை அவிழ்த்துக் கையில் எடுத்தாராம். மாமி தேத்தண்ணிக் கேத்தலோடு வரம்பில் நின்றா. காற்றில் கேள்வி அவவுக்கு விளங்கவில்லை. புருசனின் வாய் அசைந்ததைத்தான் கண்டா.

"ஓம், பொலி."

அவர் வீட்டுப் பக்கம் கையைக் காட்டினாராம். அங்கே போய் இருங்கள், வந்து எல்லாம் சொல்கிறேன் என்ற கணக்கில். அதையும் அவர்கள், மகன் வீட்டில் இருக்கிறான் என்று எடுத்திருக்கலாம். நல்லது ஐயா என்று கும்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார்கள். விதானையார் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்தபோது முற்றத்தில் டயர்த் தடம் மட்டும் இருந்தது.

பிறகு நான் அவரோடு ஏறி இறங்காத கந்தோர் இல்லை. முகாமில் கேட்டால் ரிலீஸ். விசாரணைக் குழுவில் கேட்டால், ரிலீஸ் ஆகி வந்துவிட்டதாகத் தகப்பனே சொன்னார். ஒன்றுக்கு ஒன்று சாட்சி. இரண்டு பொய்யும் சேர்ந்து ஒரு சுவராகி நின்றது. எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தச் சுவரில் தலையை மோதியிருப்பேன். ஒரு பெரிய அதிகாரியிடம் என் புள்ளி எடுத்த ஆங்கிலம் முழுவதையும் கொட்டி, களவெட்டி என்றால் என்ன, அங்கே ஏன் இல்லை என்று சொல்ல முடியாது என்றெல்லாம் விளக்கினேன். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, அப்படியென்றால் அன்று இவர் பொய் சொன்னாரா என்றார். ஓம் என்றாலும் எங்கள் பக்கம் பிழை, இல்லை என்றாலும் பிழை. நான் விதானையாரைப் பார்த்தேன். அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது பாதையில் வாவிக்கு நடுவே வைத்து அவராகவே பேசினார். அவரைக் குற்றம் சொல்ல ஊரில் நிறையப் பேர் இருந்தார்கள்.

"அதுக்குள்ள நிண்டு, வரல்ல எண்டு நான் எப்பிடிச் சொல்லுற மனே? நெல்லுக்கே சொல்லக்கூடாத சொல்லு. என்ர புள்ளைக்குச் சொல்லுறதா?"

அதற்குப் பிறகும் அவர் கந்தோர்க் கூட்டங்களுக்கு வந்தார். ஆனால் எழும்பி அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. எஞ்சினியர்கள் மாறினார்கள். நான் தலைமை எழுதுவினைஞன் ஆனேன். தண்ணீர் ரிலீஸ் அறிவித்தல் ஒவ்வொரு போகமும் என் கையால்தான் போயிற்று. அதில் அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. 'நீர் திறந்துவிடப்படும்' என்று எழுதுவேன். ஏன் மாற்றினாய் என்று யாரும் கேட்டதில்லை.

விதானையார் சில வருடத்துக்கு முன்னர் ஆஸ்பத்திரியில் இறந்தார். பிரேத அறை வாசலில் மாமியும் நானும் நின்றோம். கடமையில் இருந்த பெடியன் மரியாதையாகத்தான் பேசினான். பிரேதத்தை ரிலீஸ் பண்ண வேண்டுமென்றால் உரித்தாளர் கையெழுத்து வைக்க வேண்டும் என்றான். அந்தச் சொல் அங்கேயும் வந்து இருக்கிறது பாருங்கள். ஆம்பிளைப் பிள்ளை இருக்கிறாரா, இருந்தால் அவரைக் கூப்பிடுங்கள் என்றான்.

ஓம் என்றால் கூப்பிட வேண்டும். கூப்பிட ஆள் வேண்டும். பெடியன் பேனையை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தான். நான் நடுவே புகுந்து ஏதோ சொல்லப் பார்த்தேன். மாமி என் கையைப் பிடித்து நிறுத்தினா. அவவின் புருசன் ஒருநாளும் சொல்லாத சொல்லை, அவரை வெளியே எடுப்பதற்காக அவ சொன்னா.

"இல்ல மனே. எங்களுக்கு ஆம்பிளப் புள்ள இல்ல."

சொல்லிவிட்டுக் கையெழுத்து வைத்தா. உடனே விட்டுவிட்டார்கள். எல்லா ரிலீஸிலும் அது ஒன்றுதான் சொன்னபடி நடந்தது.

பாலத்தால் அவரைக் கொண்டுபோனோம். பாதை அதற்கு முன்னரே நின்றுவிட்டது. அதன் துருப்பிடித்த உடல் சில காலம் கரையில் கிடந்தது, பிறகு அதையும் காணவில்லை. இப்போது அந்த வட்டையில் களவெட்டியும் இல்லை. வெட்டுகிற மெஷின் வந்து ஒரு பகலில் வெட்டி, அடித்து, மூட்டையாகக் கட்டித் தந்துவிட்டுப் போகிறது. களவெட்டி போனதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டேன். அது என்ன செய்தது என்று எனக்குத் தெரியும். மெஷின் ஓட்டுகிறவன் வயலின் நடுவில் நின்று, டீசல் இல்லை, ஆள் இல்லை, சிக்னல் இல்லை என்று போனில் கத்துகிறான். எந்தப் பூதமும் வருவதில்லை. ஆனால் இல்லை என்ற சொல் வராத ஒரு வட்டம் நிலமாவது அந்தக் காலத்தில் இருந்தது. அதற்குள் விதானையார் நின்றபோதுதான், சொல்லளவிலாவது, யோகன் கடைசியாக வந்திருந்தான்.

நேற்று இருட்டுமுன் மருமகளிடம் அதிபரோடு பேசிப் பார்ப்பதாகச் சொல்லிப் போனை வைத்துவிட்டு, பூமணி மாமியைக் கூப்பிட்டேன். வீடு தாழ்நிலத்தில். தனியே இருக்கிறா. அடுத்த வீட்டுப் பிள்ளைகள் வந்து கூட்டிக்கொண்டு போவார்கள், சாமான்களை மேலே எடுத்து வையுங்கள் என்றேன். ரிலீஸ் என்ற சொல் வாயில் வராமல் சுற்றி வளைத்துத்தான் சொன்னேன். குளத்தைத் திறக்கப் போகிறார்கள் மாமி என்று.

மறுபக்கம் ஏதோ சாமானை இழுத்து வைக்கும் சத்தம் கேட்டது.

"எப்ப வந்து சேருமாம்?" என்றா மாமி.

விதானையாரின் கேள்வி. எத்தனை வருடத்துக்குப் பிறகு அதைக் கேட்கிறேன். கந்தோர் கணக்கு எனக்கு இன்னும் மறக்கவில்லை. இந்த மழைக்கு வாய்க்காலெல்லாம் நிரம்பிக் கிடக்கிறது, எங்கும் தங்காது, விடியுமுன் வந்துவிடும் என்றேன்.

"ஓம் மனே" என்றா. "தண்ணி வந்திரும்."